பெரியமாமாவின் தோல் வருத்தமும் வெட்பாலைத் தைலமும்

முள்ளியவளை மாமி: சென்னையிலிருந்து அனுப்பிய வெட்பாலைத் தைலம் கிடைத்துவிட்டது. ஆவணிக் கலியாணத்துக்கு முன் சோரியாசிஸ் படைகள் மறைய வேண்டுமென்று, கிளினிக் பூச்சு மருந்தையும் கிழமைக் குளிசையையும் நாளையோடு நிறுத்தப் போவதாக மாமா சொல்கிறார்.

பரந்தன் அண்ணா: நல்ல முடிவு. இலைமருந்துக்குப் பக்கவிளைவு கிடையாது.

வவுனியா அக்கா: மாமி, தயவுசெய்து எதையும் நிறுத்த விடாதீர்கள். சோரியாசிசுக்குப் பூசும் மூலிகைகளில் நல்ல சான்று உள்ளவற்றுள் ஒன்று, நீலச்சாயச் செடிகளிலிருந்து எடுக்கும் பொடி. அதில் வேலை செய்யும் முக்கியமான சேர்மம் இண்டிருபின். தாய்வானில் 42 நோயாளிகளின் உடலில் ஒரு பக்கத்துப் படைக்கு அந்தப் பொடி கலந்த களிம்பையும் மறுபக்கத்துக்கு வெறும் களிம்பையும் 12 கிழமைகள் பூசிப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, 31 பேருக்கு மருந்து பூசிய படை முற்றாகவோ ஏறக்குறைய முற்றாகவோ மறைந்தது.

கனடாத் தம்பி: அப்படியென்றால் தைலம் நல்லதுதானே, அக்கா?

வவுனியா அக்கா: வெட்பாலை இலையிலிருந்தும் இண்டிருபினைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள், ஆகவே தைலத்தை நான் தள்ளவில்லை. ஆனால் தாய்வானில் பூசியது அளவறிந்து செய்த களிம்பு. மாமி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போத்தலில் எந்த அளவும் எழுதப்படவில்லை. இதை நம்பி, கிழமைக் குளிசையான மெத்தோட்ரெக்சேட்டை மருத்துவரைக் கேளாமல் விட்டால், அடங்கியிருக்கும் வருத்தம் திரும்பவும் கிளம்பலாம்.

பரந்தன் அண்ணா: கொஞ்சம் குடித்தால் உள்ளிருந்தே சுகப்படுத்தாதா?

வவுனியா அக்கா: குடிக்கவே கூடாது, அண்ணா. யப்பானில் பெருங்குடல் அழற்சிக்காக அந்த நீலப்பொடியை உட்கொண்ட சிலருக்கு நுரையீரல் நாடியில் இரத்த அழுத்தம் உயர்ந்ததால், 2016இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சே எச்சரிக்கை விடுத்தது. பக்கவிளைவு கிடையாது என்றீர்களே, அதற்கு இதுதான் பதில்.

புதுக்குடியிருப்புச் சித்தி: எந்த மருந்தானாலும், கலியாணத்தில் மாமாவை எல்லோரோடும் பந்தியில் இருத்துங்கள். குடிபூரலில் அவருக்குத் தனிப்பாய் போட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பரந்தன் அண்ணா: அதை இப்போது ஏன் கிளறுகிறீர்கள், சித்தி?

வவுனியா அக்கா: சித்தி கேட்பது நியாயம். சோரியாசிஸ் நோயெதிர்ப்புத் தொகுதியின் கோளாறு. தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ அது ஒருவருக்கும் தொற்றாது.

முள்ளியவளை மாமி: புதன்கிழமை கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோகட்டுமா?

வவுனியா அக்கா: கட்டாயம் கொண்டுபோங்கள். மருத்துவர் சம்மதித்தால், மற்ற மருந்துகளை விடாமல், முதலில் முழங்கையில் சிறிய இடத்தில் மட்டும் பூசிப் பார்க்கலாம்.

பரந்தன் அண்ணா: பூச்சு மருந்தையாவது நிறுத்தலாம் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

முள்ளியவளை மாமி: மாமா வயலால் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.