நால்வருக்கு எழுதியதை நாற்பது பேர் வாசிக்கலாமா?

பின்வரிசை:
ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் என்றதும் தொண்ணூறு நிமிடச் சிம்பொனியும் மேடை கொள்ளாத ஆர்கெஸ்ட்ராவுமே நம் நினைவுக்கு வருகின்றன. சிறு குழுவுக்கென அவர் எழுதியவற்றில் இன்று எஞ்சியிருப்பது, வியன்னா இசைக் கல்லூரி மாணவராக 1876 வாக்கில் எழுதிய ஏ மைனர் பியானோ குவார்ட்டெட்டின் (பியானோவும் மூன்று தந்திக் கருவிகளும் சேர்ந்த இசை) முதல் பகுதியும், அடுத்த பகுதியின் சில தாளக் கட்டங்களும்தான். பியானோவின் கீழ்ச்சுரங்களில் அது தொடங்குகிறது. மேலே தாவி அரைச்சுரம் இறங்கும் மூன்றே சுரங்களை விடாமல் பற்றிக்கொண்டு போகிறது. முடிவதற்குச் சற்று முன் வயலின் மட்டும் தனித்து வெடிக்கிறது. பதினாறு வயதுப் பையனின் கையெழுத்து அதில் தெரிகிறது, வருங்கால மாலரும் தெரிகிறார். ஆனால் நான் பேச வந்தது அவருடைய மறு ஆக்கங்களைப் பற்றி. பேத்தோவனின் ஓபஸ் 95 (95ஆம் எண்ணிட்ட படைப்பு), ஷூபர்ட்டின் ‘மரணமும் கன்னியும்’ ஆகியவை இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் வாசிக்கும் இசைகள். அவற்றை அவர் தந்திக் கருவிகளைப் பலர் சேர்ந்து வாசிக்கும் தந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அந்த மாற்றங்களை மூலத்துக்கு எழுதப்பட்ட உரைகளாகவே நான் மதிக்கிறேன்.

நால்வரிசை:
உரை மூலத்தின் இடத்தில் போய் உட்காரக் கூடாது என்பதே என் மறுப்பு. ஓபஸ் 95 தேர்ந்த ரசிகர்களின் சிறு வட்டத்துக்காக எழுதப்பட்டது, பொதுமேடையில் ஒருபோதும் வாசிக்கப்படக் கூடாது என்று பேத்தோவனே 1816இல் லண்டனிலிருந்த இசை நடத்துநர் ஜார்ஜ் ஸ்மார்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அதைத்தான் 1899 ஜனவரியில் மாலர் வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் முழுத் தந்திப் பிரிவிடம் கொடுத்தார். நான் வார இறுதிகளில் வியோலா வாசிப்பவன். இந்த இசையின் உயிர், அடுத்த சுரத்துக்குப் போகலாமா என்று ஒரு வில் தயங்கும் நொடியில் இருக்கிறது. ஒருவர் தயங்கினால் அது தயக்கம். பன்னிருவர் சேர்ந்து தயங்கினால் அது ஒத்திகை.

பின்வரிசை:
அக்கடிதத்தை அப்படியே ஏற்றால், இன்று நுழைவுச்சீட்டு விற்று அதை வாசிக்கும் எல்லா நால்வர் குழுக்களும் குற்றவாளிகளே. வீட்டுக் கூடத்துக்காகப் பிறந்த இசை பெரிய அரங்குக்கு வந்துவிட்ட பிறகு நான்கு கருவிகளின் ஒலி அங்கே போதவில்லை என்பதே மாலரின் வாதம். தவிர, அவர் வெறுமனே ஆட்களைப் பெருக்கவில்லை. ஷூபர்ட்டின் மெதுவான பகுதியை மட்டும் 1894 நவம்பரில் ஹாம்பர்க்கில் நடத்தினார். மற்றப் பகுதிகளுக்கான திருத்தங்கள் அவருடைய பிரதியிலேயே குறிப்புகளாக நின்றுவிட்டன. டேவிட் மாத்யூஸும் டொனால்ட் மிட்செலும் ஒழுங்குபடுத்திய பதிப்பு 1984இல்தான் வெளிவந்தது. அதில், நால்வர் இசையில் இல்லாத, செல்லோவைவிடத் தாழ்ந்த ஒலியுடைய டபுள் பாஸின் வரியைப் பாருங்கள்: செல்லோவின் நிழலாக முழுக்க ஒட்டிக்கொண்டு போகாமல், கனம் வேண்டிய இடத்தில் நுழைந்து, வேண்டாத இடத்தில் விலகிக்கொள்கிறது.

இருகைநால்வர்:
இதற்கு நேரெதிரான திசையில் மாலர் செய்த ஒரு வேலையை இருவருமே விட்டுவிட்டீர்கள். இசையமைப்பாளர் ப்ரூக்னரின் மூன்றாம் சிம்பொனி 1877 டிசம்பர் 16 அன்று வியன்னாவில் அரங்கேறியபோது, இசை முடிவதற்குள் அரங்கு பெரும்பாலும் காலியாகிவிட்டது. கடைசிவரை இருந்த சிலரில் மாலரும் ஒருவர். பதிப்பாளர் தியோடர் ரேட்டிக் அதை அச்சிட முன்வந்தார். மாலரும் நண்பர் ருடால்ஃப் க்ஷிஷானோவ்ஸ்கியும் அதை ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும்படி சுருக்கினார்கள். இசைத்தட்டு இல்லாத காலத்தில் ஒரு சிம்பொனி ஊர் ஊராகப் பரவிய வழி அதுதான். பியானோ குவார்ட்டெட்டின் கையெழுத்துப் படியிலும் அதே ரேட்டிக்கின் முத்திரை இருக்கிறது என்பது தனிச் சுவை.

நால்வரிசை:
அந்தச் சுருக்கத்தின் மீது எனக்குக் குறையில்லை, ஏனெனில் அதைக் கேட்டவர் எவரும் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டதாக எண்ணியிருக்க மாட்டார். என் கேள்வி வேறு. குழந்தைகளின் மரணத்தைப் பற்றிய தம் பாடல்களுக்கு 1905இல் மாலர் எந்த அரங்கைத் தேர்ந்தெடுத்தார்? வியன்னாவின் மியூசிக்ஃபெராய்ன் இசைக் கட்டடத்திலுள்ள சிறிய அரங்கை. அதுவும் அறையிசையின் (சிறு குழு இசையின்) தொனி கெடக் கூடாது என்பதற்காக. தம் பாடல்களுக்கு அவர் கேட்ட அந்த நெருக்கத்தைப் பேத்தோவனுக்கு ஏன் மறுத்தார்?

பின்வரிசை:
இதற்கு என்னிடம் நேரான விடை இல்லை. ஆறு ஆண்டுகளில் அவர் மனம் மாறியிருக்கலாம் என்று சொல்வது வெறும் ஊகம். நேற்றிரவு ஓபஸ் 95இன் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டேன். தொடக்கத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே வரியை உறுமிவிட்டுச் சட்டென அமைதியாகும் இடத்தில், மாலரின் வடிவம் என்னை இருக்கையில் பின்னுக்குத் தள்ளியது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இறுதியில் அத்தனை இருளும் விலகி, எஃப் மேஜர் சுரவரிசையில் சிரித்துக்கொண்டே ஓடி மறையும் அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அங்கே பெருங்கூட்டத்துக்கு மூச்சு வாங்குகிறது. அதற்கு நான்கு பேரே போதும்.