54 வயதில் வேலை போய்விட்டது, எட்டு மாதமாகத் தேடுகிறேன்

கேள்வி:
26 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்பில் என் வேலையும் போனது. போட்ட விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் பதிலே இல்லை, நேர்காணல் வரை போன இரண்டு இடத்திலும் "இந்த வேலைக்கு உங்கள் அனுபவம் அதிகம் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் வேலையின்மை இளைஞர்களிடம்தான் அதிகம், வயதானவர்களிடம் குறைவு என்றே எங்கும் படிக்கிறேன். அப்படியானால் குறை என்னிடம்தானா?

பதில் 1:
உங்களிடம் இல்லை. அந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, பொதுவாகக் கடந்த நான்கு வாரத்துக்குள் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரவும் தயாராக இருக்க வேண்டும். தேடிச் சலித்து நிறுத்தியவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். என் அண்ணன் 57 வயதில் அப்படித்தான் நிறுத்தினார், யாராவது கேட்டால் "ரிட்டயர் ஆகிவிட்டேன்" என்பார். இந்த வயதில் வேலை போவது குறைவுதான், ஆனால் போனால் மறுபடி கிடைக்க இளைஞர்களைவிட அதிக நாள் ஆகிறது. அதனால் எட்டு மாதத்தை வைத்து உங்களை எடைபோடாதீர்கள்.

பதில் 2:
நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருந்தவள். "அனுபவம் அதிகம்" என்றால் சம்பளம் நிறையக் கேட்பார், நல்லது கிடைத்தால் போய்விடுவார், வயதில் சின்ன மேலாளர் சொன்னால் கேட்க மாட்டார் என்ற பயம்தான். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நீங்களே முந்திக்கொண்டு பேசிவிடுங்கள். பயோடேட்டாவில் கடைசி 10, 15 வருடம் போதும், இப்போது எந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்பதை மேலே போடுங்கள். அப்புறம், பழைய சகாக்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

பதில் 3:
அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு 1967 முதலே பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேலையில் பாகுபாடு கூடாது என்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டு ஒப்பந்தம் (எண் 111) பட்டியலிடும் காரணங்களில் வயது இல்லவே இல்லை! சட்டம் இருக்கும் இடத்திலும் நிரூபிப்பது கஷ்டம், வயதுதான் காரணம் என்று யாரும் எழுதித் தருவதில்லையே. விளம்பரத்தில் வயது வரம்பு போட்டிருந்தால் அதையாவது எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. பழைய சகாக்களிடம் எட்டு மாதமாக விஷயத்தையே சொல்லவில்லை, நாளை பேசுகிறேன். அண்ணன் அப்புறம் வேலைக்குப் போனாரா?

பதில் 1:
போனார். இரண்டு வருடம் கழித்துப் பழைய வாடிக்கையாளர் ஒருவரே கூப்பிட்டார், இப்போது வாரம் மூன்று நாள் போகிறார்.