காஞ்சி, மாமல்லபுரம், புதுச்சேரி: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: ஞாயிறன்று வேளச்சேரியிலிருந்து காரில் கிளம்புகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. மூன்று ஊரையும் பார்த்துவிடலாம் என்கிறான் தம்பி. சரிவருமா?

பதில்: புதுச்சேரியை விட்டுவிடுங்கள். போய் வரவே சுமார் 300 கி.மீ. ஆகும். இரண்டு ஊர் போதும், காஞ்சி முதலில். அங்கே பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள். போன வருடம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் மாமியாரை வெயிலில் உட்கார வைத்துவிட்டேன். இன்னும் மனசு உறுத்துகிறது. காலை 5.30க்கே கிளம்புங்கள். கைலாசநாதர் கோயிலைத் தவறவிடாதீர்கள். 8ஆம் நூற்றாண்டு மணற்கல், காலை வெயிலில் அவ்வளவு அழகு! அப்புறம் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம்.

இன்னொரு பதில்: கடற்கரைக் கோயிலை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள், 4 மணிக்குள் போங்கள். அர்ச்சுனன் தபசு சாலையோரமே இருக்கிறது, அம்மா அதிகம் நடக்க வேண்டாம்.

கேட்டவர்: சரி, இரண்டே ஊர். தம்பியும் ஒத்துக்கொண்டான். அம்மாவுக்குக் காஞ்சிபுரம் இட்லி கட்டாயம் வேண்டுமாம்.