தசமபாகம் குடுக்காதவங்க பேர நோட்டீஸ் போர்டுல ஒட்டலாமா?

மலைமிளகு (ஏற்காடு): எங்க சபையில இப்ப தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒண்ணு சபைக்கு குடுக்குறது) பாக்கின்னு ஒரு லிஸ்ட் ஒட்டிருக்காங்க. மேல தசமபாகத்த முழுசா கொண்டு வாங்கன்னு சொல்ற வசனம், மல்கியா 3:10, கீழ பேரு. அதுல காப்பிப்பழம் பறிக்கப் போற பொம்பளைங்க பேரும் இருக்கு, அவங்களுக்கு கிலோ கணக்குல கூலி, சீசன் முடிஞ்சா அதுவும் கெடையாது. இது சரிங்களா?

அஸ்தம்பட்டி அண்ணன்: லிஸ்ட் ஒட்டுனது தப்பு. வலது கை செய்றது இடது கைக்கு தெரியக்கூடாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு. ஆனா இத சாக்கா வச்சு தசமபாகமே வேணாம்னு ஆரம்பிச்சிடாதீங்க. ஆபிரகாம் மெல்கிசேதேக்குங்கற ஆசாரியருக்கு பத்துல ஒண்ணு குடுத்தப்ப மோசேயும் இல்ல, அவர் வழியா வந்த நியாயப்பிரமாணமும் இல்ல.

கொலுசுப்பட்டறை: அண்ணே அது சண்டையில மீட்டுட்டு வந்த பொருள், அவரு ஒரு தடவ குடுத்ததாதான் எழுதிருக்கு. லேவியராகமம் 27 எடுங்க, நெலத்து வெளச்சல், மரத்துக் கனி, ஆடு மாடு, இதான் கணக்கு, கூலிக்காரன் கூலின்னு அதுல எங்க வருது? உபாகமம் 14ல மூணாம் வருஷத்து பங்க ஊருக்குள்ளயே வைக்கச் சொல்லிருக்கு, கோயில் ஊழியம் செய்ற நெலம் இல்லாத லேவியனும், வெளியிலருந்து வந்து தங்குன பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து வயிறார சாப்பிடணும்னு. வாங்கிச் சாப்பிட வேண்டியவங்க பேரையே பாக்கி லிஸ்ட்ல போட்டா என்ன நியாயம்?

அஸ்தம்பட்டி அண்ணன்: ஏழை குடுக்கக்கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு தம்பி? மக்கெதோனியா சபைக்காரங்க கொடிய தரித்திரத்துலயும் எங்களையும் சேத்துக்கோங்கன்னு அப்போஸ்தலன் பவுல வருந்திக் கேட்டு குடுத்தாங்க, 2 கொரிந்தியர் 8. எங்கம்மா ஒல வைக்கறப்ப அளந்த அரிசியில இருந்து ஒரு பிடி எடுத்து தனி டப்பால போடும், டப்பா நெறஞ்சா கோயிலுக்கு. வீட்ல கொழம்பு இல்லாத நாள்லயும் அந்த டப்பால கைய வைக்க விடாது. மிசோரம் சபைங்க இதே கைப்பிடி அரிசியிலதான் மிஷனரி ஊழியத்தையே தாங்குறாங்க. அத பாவம்னு சொன்னா அவங்க மரியாதைய நாம கெடுக்குறோம்.

கொலுசுப்பட்டறை: பாவம்னு நான் சொல்லவே இல்ல. அம்மா டப்பாவ யாராவது எட்டிப்பாத்து இந்த மாசம் கொறையுதேன்னு கேட்டாங்களா, இல்லல்ல? அதான் வித்தியாசம். ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில ரெண்டு காசு போட்டத எல்லாரும் பிரசங்கம் பண்றாங்க, அதுக்கு முந்தின வசனம் மாற்கு 12:40, விதவைங்க வீட்ட பட்சிக்கிற வேதபாரகர (வேதம் படிச்சு போதிக்கிறவங்கள) பத்தி, அத மட்டும் தாண்டிப் போயிடுவாங்க.

சிஸ்டர் ஃபேர்லேண்ட்ஸ்: அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காய எடுத்தவரே திரும்ப ஏலத்துக்கு விட்டு அது மறுபடி மறுபடி விலை போகும், சிரிப்பும் சத்தமுமா எவ்ளோ சந்தோஷமா குடுப்பாங்க, அங்க எந்த லிஸ்ட்டும் கெடையாதே. இன்னொண்ணு, எருசலேம் ஏழைங்களுக்கு பணம் கொண்டு போறப்ப யாரும் குத்தம் சொல்லக்கூடாதுன்னு பவுல் தன்கூட சபைங்க தெரிஞ்செடுத்த ஆளையும் சேத்துக்கிட்டாரு. அதே 2 கொரிந்தியர் 8தான், கொஞ்சம் கீழ வாங்க. போர்டுல ஒட்டணும்னா வரவு செலவ ஒட்டட்டும்.

அஸ்தம்பட்டி அண்ணன்: கணக்கு ஒட்டுறதுக்கு நான் ஆமென். ஆனா மாச சம்பளக்காரன் பத்துல ஒண்ணு குடுக்கணும்ங்கறதுல நான் மாறமாட்டேன், அந்த பிடிமானம் இல்லன்னா "மனசுல நியமிச்சபடி" குடுங்கன்னு பவுல் எழுதுனத சொல்லிட்டு பத்து ரூபா நோட்டத் தேடி எடுத்து பையில போடுவான்.

கொலுசுப்பட்டறை: அதுவும் நடக்குது, மறுக்கல.

மலைமிளகு: ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் கமிட்டிகிட்ட ரெண்டு விஷயம் கேக்கப் போறேன், பறிக்கிறவங்க பேர எடுங்க, கணக்க ஒட்டுங்க. அண்ணே நீங்க தசமபாகம் பேசுற ஆளு, நீங்க கூட வந்தா பேச்சு எடுபடும். மலைக்கு மேல வர்றீங்களா?