குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நிற்பதெல்லாம் உடற்பயிற்சியா?

நடைராஜா:
சீசன் இழையில் சாரல்காற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் தனி இழை. அங்கே ஒரு தம்பி குடும்பத்தோடு குற்றாலம் போகிறாராம். தினமும் நடக்கிறேன், ஓடுகிறேன், சாப்பாட்டையும் அளவாக வைத்திருக்கிறேன், போன இடத்தில் எல்லாம் கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு சாரல்காற்று சொன்ன அருள்வாக்கு: "குற்றாலத்துக்கு வந்து வாக்கிங் எதற்கு? அருவியில் ஒரு மணி நேரம் நின்றால் அதுவே உடற்பயிற்சி. ராத்திரி செங்கோட்டைப் பக்கத்து பார்டர் கடையில் தின்ற பரோட்டா அத்தனையும் கரைந்துவிடும்." கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

நிற்பது எப்படி ஐயா உடற்பயிற்சி ஆகும்? பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நிற்கிறவன் எல்லாம் பயில்வானா?

சாரல்காற்று:
அண்ணாச்சி, பேரருவியில் தண்ணீர் நன்றாக விழும்போது நின்றிருக்கிறீர்களா, இல்லை போட்டோவில் பார்த்ததோடு சரியா? கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் வழுக்காமல் ஊன்றிக்கொண்டு, முதுகில் விழுகிற அடியைத் தாங்கி நிற்கணும். தோள், தொடை, கால்விரல் வரைக்கும் வேலை. பின்னால் பத்துப் பேர் முண்டியடிப்பார்கள், அவர்களையும் சமாளிக்கணும். வெளியே வந்தால் வயிறு கபகபவென்று பசிக்கும். உங்கள் ஏசி ஜிம்மில் இது கிடைக்குமா?

நடைராஜா:
பசித்தால் பரோட்டா கரைந்தது என்று அர்த்தமா? குளிர்ந்த தண்ணீரில் நனைந்தால் பசி கூடும். அருவிக்கு எதிரே பஜ்ஜிச் சட்டி ஓயாமல் கொதிப்பது அதனால்தான்.

கணக்கு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை மெட் என்ற அளவில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1. நின்றுகொண்டு குளித்துத் துவட்டுவதற்கு 2. வேகமாக நடந்தால் 4-க்கு மேல். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் குளித்தால் 140 கலோரி. அதில் பாதி, அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஒரு சாதாரண பரோட்டாவே 250, 300 கலோரி வரும். சால்னா தனி. மிளகுக் கோழி தனி. எங்கே கரைந்தது பரோட்டா?

பழைய சைக்கிள்:
ஆகா, கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். போன வருஷம் கைக்கடிகாரம் காட்டுகிற காலடி எண்ணிக்கையை வைத்து எங்களைப் படுத்திய அதே வாத்தியார்தானே? பஸ்ஸில் உட்கார்ந்தே ஆயிரம் காலடி ஏறியது என்று அப்போது நான் போட்ட படத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

சாரல்காற்று:
நீங்கள் சொல்கிற 2 வீட்டுக் குளியலறையில் ஷவரில் குளிக்கிற ஆளுக்கு. அருவியில் நிற்கிறவனை யார் அளந்தார்கள்? ஐந்தருவியில் கருவி மாட்டிப் பார்த்தீர்களா?

நடைராஜா:
அளக்காததைக் கரைந்துவிடும் என்று நீங்கள் மட்டும் எப்படிச் சொன்னீர்கள்?

அம்பை அக்கா:
தம்பிமார்களே, கேட்ட பிள்ளை என்ன கேட்டது, நீங்கள் எங்கே போய்க்கொண்டு இருக்கிறீர்கள்? எனக்குச் சர்க்கரை உண்டு. சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களோடு நானும் போகத்தான் செய்கிறேன். சாப்பிட்ட உடனே வேனில் ஏறி உட்காராமல், கடை வாசலிலிருந்தே பத்து பதினைந்து நிமிஷம் நடந்தால் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுகிற சர்க்கரை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. மீட்டரில் குத்திப் பார்த்தே சொல்கிறேன். காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது இரண்டு முட்டை, கொஞ்சம் சுண்டல் உள்ளே போய்விட்டால் பஜ்ஜிக் கடை பக்கம் கண் போகாது. இதற்கு அருவியும் வேண்டாம், மெட்டும் வேண்டாம்.

நடைராஜா:
அக்கா சொல்வது சரி, நடைதான் முக்கியம் என்று அவரே சொல்லிவிட்டார். நிற்பது அல்ல.

அம்பை அக்கா:
நான் உனக்குச் சாட்சி சொல்ல வரவில்லை தம்பி.

மைதா விரோதி:
பரோட்டா என்றாலே மைதா. அதை நடந்து கரைப்பதா, நின்று கரைப்பதா என்று ஒரு பட்டிமன்றம். மைதாவில் நார்ச்சத்து எங்கே இருக்கிறது? தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்ட மாவு அது. முதலில் அதைப் பேசுங்கள்.

சாரல்காற்று:
பார்டர் பரோட்டா என்ன அளவு என்று தெரியாமல் 300 கலோரி என்று அடித்துவிடுகிறார் அண்ணாச்சி. சென்னையில் தட்டு நிறைய வருமே, அது இல்லை இது. சின்னது. பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினால் நாலே வாய். உங்கள் கணக்கே தப்பு.

நடைராஜா:
சின்னதாக இருப்பதால்தான் எண்ணிக்கை தெரியாமல் உள்ளே போகிறது. யாராவது அங்கே இரண்டோடு எழுந்திருக்கிறார்களா? இலையில் விழுந்துகொண்டே இருக்கும், பில் வரும்போதுதான் தலை சுற்றும்.

செங்கோட்டை பாசஞ்சர்:
இடையில் ஒரு திருத்தம். பார்டர் பார்டர் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். அது பிரானூர். இன்றைக்குக் கேரள எல்லை அங்கே இல்லை, புளியரை தாண்டிப் போகணும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, அதனால் அப்போது பிரானூர் எல்லையாக இருந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சாரல்காற்று:
ஊர்க்காரனுக்கே ஊரைச் சொல்லித்தருகிறீர்களா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து பார்டர் என்றுதான் சொல்கிறோம்.

செங்கோட்டை பாசஞ்சர்:
உங்கள் தாத்தா காலத்தில் அது உண்மையிலேயே பார்டர். அதைத்தான் நானும் சொன்னேன்.

நடைராஜா:
எல்லை எங்கே இருந்தாலும் பரோட்டாவின் கலோரி மாறாது. பேச்சை மாற்ற வேண்டாம்.

நடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமாராக 50 கலோரி. பேரருவியிலிருந்து ஐந்தருவி நாலைந்து கிலோமீட்டர். ஆட்டோ பிடிக்காமல் காலையில் நடந்தே போங்கள். இரண்டு பக்கமும் மரம், சாரல், வெயிலும் தெரியாது. போனதில் ஒரு பரோட்டாவுக்குக் கிட்டத்தட்டக் கணக்குத் தீர்ந்தது. திரும்பியும் நடந்தால் இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. ஐந்தருவிக்கு இரண்டு தடவை போய்வந்தால் அந்தக் கணக்கும் முடிந்தது. இதற்குப் பெயர் பயிற்சி. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பதற்குப் பெயர் குளியல்.

பழைய சைக்கிள்:
ஒரு பரோட்டாவுக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால், நீங்கள் தின்கிற கணக்குக்குக் கன்னியாகுமரி வரைக்கும் போகணுமே ஐயா.

நடைராஜா:
நான் தின்பதை யார் பார்த்தது? உமக்குக் கடிகார விஷயத்தில் பட்ட அவமானம் இன்னும் தீரவில்லை, அதுதான் பேசுகிறது.

பழைய சைக்கிள்:
அவமானம் யாருக்கு என்று அந்த இழையைப் படித்தவர்களுக்குத் தெரியும். பத்தாயிரம் காலடி என்பது விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வேதவாக்கு என்று சாதித்தது யார்? 1965-இல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி விற்க வந்த கம்பெனி வைத்த எண் அது என்று நான் சொன்னபோது இழையைப் பூட்டச் சொல்லிப் புகார் கொடுத்தது யார்?

நடைராஜா:
புகார் கொடுத்தது உமது மொழிக்காக. எண்ணுக்காக அல்ல.

புது ஆள்:
வணக்கம். அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். நாங்கள் அடுத்த வாரம் போகிறோம். ஓட்டல் அறையில் செய்கிற மாதிரி ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓடாமல் விட்டால் இதுவரை ஓடியதெல்லாம் வீணாகிவிடுமா?

அம்பை அக்கா:
ஒரு வாரத்தில் குடி ஒன்றும் முழுகிவிடாது ஐயா. ஓடுகிறவர்களுக்கு மூச்சுத்திறன் இரண்டு வாரம் போல அடியோடு விட்டால்தான் இறங்கத் தொடங்கும். தசையின் வலு அதைவிட மெதுவாகத்தான் குறையும். அறையில் பத்து தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தள்ளுகிற தண்டால், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுவது, இவ்வளவு போதும். பிள்ளைகளையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், விளையாட்டாகப் போய்விடும்.

இன்னொன்று. திரும்பி வந்த மறுநாள் எடை மெஷினில் ஏறிவிட்டு ஓவென்று அழாதீர்கள். ஓட்டல் சாப்பாட்டில் உப்பு அதிகம், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடம்பு சேமித்து வைக்கிற சர்க்கரையான கிளைக்கோஜனும் கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டும் என்றால் செலவுக்கு மேலே 7,700 கலோரி போல உள்ளே போயிருக்கணும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் பாதி தானாக இறங்கிவிடும்.

சாரல்காற்று:
அக்காவே சொல்லிவிட்டார், ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது என்று. அப்புறம் எதற்கு இந்த ஐந்தருவி நடை? நின்று குளியுங்கள் போதும்.

நடைராஜா:
ஒன்றும் ஆகாது என்பதும் நின்றால் கரையும் என்பதும் ஒன்றா? நீங்கள் சொன்னது கரையும் என்று. கரைகிறதா இல்லையா?

சாரல்காற்று:
குளிரில் உடம்பு நடுங்குகிறதே, நடுக்கத்தில் கலோரி எரியாதா? அதையும் இல்லை என்பீர்களா?

நடைராஜா:
நடுக்கத்தில் எரியும். ஆனால் குற்றாலத்தில் நடுங்குகிற வரைக்கும் எவன் நிற்கிறான்? உதடு லேசாக வெளுத்தால் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு ஓடுகிறான். டீயில் மூன்று ஸ்பூன் சீனி. எரிந்ததும் திரும்பி வந்துவிட்டது, கூடவே வடையும் வந்துவிட்டது.

அந்த "அடி" கதைக்கும் வருகிறேன். தண்ணீர் உச்சியிலிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, நிரம்பி வழிந்துதான் கீழே வருகிறது. வேகம் அங்கேயே அடங்கிவிடுகிறது. நேராக விழுந்தால் ஒருவனும் கம்பி கிட்டே போக முடியாது. உங்கள் ஊர் அருவி உங்களைத் தடவிக்கொடுக்கிறது, நீங்கள் அடித்தது என்கிறீர்கள்.

சாரல்காற்று:
பொங்குமாங்கடலை எங்களுக்கே சொல்லித்தருகிறார். அண்ணாச்சி, அருவியைப் பற்றி மட்டும் கேவலமாகப் பேசாதீர்கள். அப்புறம் நானும் உங்கள் ஊர்க் கடற்கரையைப் பற்றிப் பேசவேண்டி வரும்.

மைதா விரோதி:
நான் மைதா பற்றிக் கேட்டேன்.

பழைய சைக்கிள்:
அருவிக்குப் போகும் முன்னால் எண்ணெய் மசாஜ் செய்வார்களே, அதுவும் உடற்பயிற்சிதானா சாரல்காற்று?

சாரல்காற்று:
நிச்சயமாக. ரத்த ஓட்டம் சீராகும், மூட்டு இளகும்.

நடைராஜா:
மசாஜில் பயிற்சி செய்கிறவர் தேய்த்துவிடுகிறவர். கீழே படுத்திருப்பவர் இல்லை. தவிர, எண்ணெய், சோப்பு, ஷாம்பூவோடு அருவியில் இறங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது. ஊர்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு அது தெரியவேண்டாமா?

சாரல்காற்று:
சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இறங்குகிறோம். சட்டம் எங்களுக்கும் தெரியும்.

செங்கோட்டை பாசஞ்சர்:
புது ஆளுக்கு ஒன்று சொல்கிறேன். மலையில் நல்ல மழை என்றால் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்கு நின்று கரைக்கவும் முடியாது. அந்த நாளுக்கு ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி கோயில் வெளிப்பிரகாரத்தைச் சுற்றலாம். சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பார்கள், பஜ்ஜிக்குப் பதில் அதை வாங்கிக்கொள்ளலாம். விலை கேட்டுப் பேரம் பேசுங்கள்.

புது ஆள்:
நன்றி சார். கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது?

நடைராஜா:
கோயில் இருக்கட்டும். தடை போட்ட நாளில் கரையாத பரோட்டா மற்ற நாளில் மட்டும் எப்படிக் கரையும்? சாரல்காற்று இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சாரல்காற்று:
பதில் வேண்டும் என்றால் நேரில் வாருங்கள். ஐந்தருவியில் ஒரு மணி நேரம் என் பக்கத்தில் நின்று பாருங்கள். மறுநாள் காலையில் கையைத் தூக்க முடிகிறதா என்று நான் கேட்கிறேன்.

நடைராஜா:
வருகிறேன். நெஞ்சில் கட்டுகிற இதயத்துடிப்புக் கருவியோடு வருகிறேன், கடிகாரம் இல்லை. முதலில் நீர் என்னோடு பேரருவியிலிருந்து நடந்து வரணும். பாதியில் ஆட்டோவைக் கைகாட்டக் கூடாது.

பழைய சைக்கிள்:
கருவி என்ன விலை, எங்கே வாங்கணும் என்று அடுத்த பதிவில் இணைப்பு வரும் பாருங்கள்.

நடைராஜா:
நான் எதையும் விற்கவில்லை. அந்தப் பொய்யை இத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

சாரல்காற்று:
நடக்கிறேன். ஆனால் அதை நடை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அருவிக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

மைதா விரோதி:
மைதா பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.