டெலிவரி: ஒப்படைப்பா, சேர்ப்பிப்பா?

டெலிவர் என்னும் ஆங்கில வினைக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதைக் கைவிடலாம் என்பது என் கருத்து. பிள்ளை பெறுதல், உரையாற்றுதல், தீர்ப்பு வழங்குதல், பந்து வீசுதல் என்று தமிழில் நல்ல வழக்குகள் முன்பே நிலைத்திருப்பதால், அந்தப் பொருள்களில் நமக்கு வேலை இல்லை. பொருளையோ செய்தியையோ அனுப்பும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்த இடத்துக்கு, மென்பொருள்களிலும் பயன்படும்படி, நண்பர்கள் சில சொற்களை முன்வைத்தார்கள். அவற்றுள் 'விநியோகம்' பலருக்குப் பகிர்ந்து தருவதைக் குறிக்கும். ஒருவருக்கு வரும் ஒரு பொட்டலத்துக்கு அது பொருந்தாது. 'பட்டுவாடா' அஞ்சல் துறையில் நெடுநாள் புழங்கிய சொல்தான். ஆனால் தேர்தல் காலச் செய்திகளில் 'பணப் பட்டுவாடா' என்று அடிபட்டு அடிபட்டு அதன் நிறமே மாறிவிட்டதால், அதைக் கணினித் திரையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரையில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள். சேலைக் கட்டுகளை லாரி புக்கிங் ஆபீசில் போட்டு எல்.ஆர். என்னும் லாரி ரசீதை வாங்கியதும் அவருடைய பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வெளியூர்க் கடைக்காரர் எல்.ஆரைக் காட்டி 'டெலிவரி எடுப்பது' அதற்குப் பின் நடக்கும் வேறொரு செயல். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இதையே சொல்கிறது. உடைமையை ஒருவர் தாமாக முன்வந்து மற்றவருக்கு மாற்றித் தருவதே அங்கே டெலிவரி. வாங்குபவருக்கு அனுப்பும்படி சரக்கைச் சுமந்து செல்பவரிடம் கொடுத்துவிட்டால், மாறாக ஏதும் காட்டப்படாத வரை, அது வாங்குபவரிடமே கொடுத்ததாகக் கொள்ளப்படும் என்கிறது 39ஆம் பிரிவு. சரக்கு வழியில் இருக்கும்போதே சட்டப்படி டெலிவரி முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில் 'சேர்ப்பித்தல்' என்று மொழிபெயர்த்தால் பொருளே தவறிவிடும். 'ஒப்படைப்பு' என்பதே சரி.

மின்னஞ்சலிலும் இந்த இரண்டு நிலைகள் உண்டு. மின்னஞ்சலை அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. நெறிமுறைப்படி, மடலை முழுதாகப் பெற்ற வழங்கி (சர்வர்) 250 என்னும் எண்ணை விடையாகத் தந்தால், அதை உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பையோ அடுத்த வழங்கிக்குக் கடத்தும் பொறுப்பையோ அது ஏற்றுக்கொண்டது என்று பொருள். அது ஒப்படைப்பு. மடல் உரியவரின் பெட்டிக்குள் போய் விழுவது பிந்தைய நிலை, விழாமலும் போகலாம்.

ஆகவே, பொறுப்போ உடைமையோ கைமாறும் இடத்தில் 'ஒப்படைப்பு' என்றும், உரிய இடத்தை எட்டும் இடத்தில் 'சேர்ப்பிப்பு' என்றும் பிரித்து வழங்க முன்மொழிகிறேன். 'இன்னாரிடம் சேர்ப்பிக்கவும்' என்று கடித உறைகளில் எழுதிய கை நம்முடையது, ஆதலால் இரண்டாவது சொல்லும் நமக்குப் புதிதன்று. 'சேர்ப்பு' என்று சுருக்கலாமே என்பார்க்கு ஒன்று சொல்வேன்: மென்பொருள்களில் 'சேர்' என்பது ஒன்றைக் கூட்டி இணைப்பதற்கு ஆகிவிட்டது, 'சேர்க்கப்பட்டது' என்று திரையில் கண்டால் குழுவில் யாரையோ இணைத்ததாகவே பயனர் எண்ணுவார். செய்தி போய்ச் சேர்ந்ததைக் காட்டும் வாட்ஸ்அப்பின் இரட்டை டிக் குறிக்குத் தன்வினையே போதும்: 'சேர்ந்தது', தவறினால் 'சேரவில்லை'. மருந்தை உடலில் உரிய உறுப்புக்குக் கொண்டுபோகும் துறைக்கு 'மருந்து சேர்ப்பிப்பு' இயல்பாகப் பொருந்துகிறது.

மென்பொருள் ஒப்பந்தங்களில், செய்து முடித்துக் கொடுக்க வேண்டியவை டெலிவரபிள் என்று பட்டியலிடப்படுகின்றன. அதற்கு, செய்பொருள், விளைபொருள் என்பவற்றின் வழியில் 'ஒப்படைபொருள்' என்று வினைத்தொகையாக ஆக்கியிருக்கிறேன். ஒப்பந்தங்களைத் தமிழில் எழுதும் வழக்கறிஞர்கள் இதைத் தம் ஆவணங்களில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று சொல்ல வேண்டும்.