ஓட்டநடையா, ஓட்டக்கதியா? (பயிற்சிச் சுமையும் சேர்த்து)

வணக்கம். உடற்கல்வி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அளவுக்கு மீறிப் பயிற்சி செய்த ஓட்டக்காரரின் கால் எப்படி மாறுகிறது என்பது பாடம். களைப்பு ஏற ஏறப் பலருக்குப் பாதம் தரையில் படிந்திருக்கும் நேரம் கூடும், அதே வேகத்துக்கு ஆக்சிஜனும் கூடுதலாகத் தேவைப்படும். இதில் 'ரன்னிங் கெய்ட்'டை, அதாவது ஒருவர் ஓடும் விதத்தை, 'ஓட்டநடை' என்று எழுதினேன். "ஓடுறதா, நடக்குறதா சார்?" என்கிறார்கள். பயிற்சி உடம்புக்குத் தரும் வேலையின் அளவான 'டிரெய்னிங் லோட்'டுக்குப் 'பயிற்சிப் பளு' போட்டால் பளுதூக்குதல் என்று நினைக்கிறார்கள். இரண்டுக்கும் பொருத்தமான தமிழ்ச் சொல் எது?

> ஓடுறதா, நடக்குறதா

உரைநடைக்குக் கால் இருக்கிறதா? மிருதங்கத்தில் மூன்று மூன்றாக எண்ணும் தாளப்போக்கைத் திஸ்ர நடை என்கிறோம், அதையே கதி என்றும் சொல்கிறோம். குதிரைக்கு ஐந்து கதி என்று பழையவர்கள் வகுத்திருக்கிறார்கள், அதில் ஓட்டமும் அடக்கம். ஆகவே 'ஓட்டக்கதி'.

> ஆகவே 'ஓட்டக்கதி'

கதி வடசொல். 'செலவினும் வரவினும்' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே போதல் என்ற பொருளில் செலவு இருக்கும்போது கடன் எதற்கு? 'ஓடுசெலவு' என்று வையுங்கள், புழங்கப் புழங்கப் பழகிவிடும்.

> பழகிவிடும்

ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் பழகாது. ஓடுசெலவு என்றால் பயணப்படிக் கணக்கு என்றுதான் படிப்பார்கள். ஓட்டக்கதி என்றால் 'அவன் கதி என்ன ஆச்சு' என்பதுதான் நினைவுக்கு வரும். 'ஓட்டப்பாங்கு' போதும், அடி வைப்பது, கை வீச்சு, உடல் சாய்வு எல்லாம் அதில் அடங்கும். லோடுக்குச் 'சுமை'யே சரி. வேலைச்சுமை என்கிறோம், யாரும் தராசைத் தேடுவதில்லை. 60 நிமிடம் ஓடியவர் தன் சிரமத்துக்கு 10க்கு 7 போட்டால் இரண்டையும் பெருக்கி அன்றைய சுமை 420, இது கிலோ கணக்கே இல்லை. இன்னொன்று, ஓடிய தூரம் வெளிச்சுமை, அது உடம்பை வாட்டியது உட்சுமை, இரண்டையும் பிரிக்காமல் பாடம் எழுதாதீர்கள். ஒரே 10 கிலோமீட்டர் இருவருக்கு இரண்டு விதமாக இறங்கும், பாங்கு குலைவதைப் புரிந்துகொள்ள உட்சுமையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

> வெளிச்சுமை, உட்சுமை

நன்றி அம்மா, இரண்டையும் சேர்த்துவிட்டேன். நீங்கள் சொல்வதுபோல் ஓட்டப்பாங்கு என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் ஓட்டநடை.

> ஓட்டப்பாங்கு என்றே

எனக்குச் சம்மதமில்லை. பாங்கு என்பது பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பதற்கும் பெயர், ஊரில் தினமும் ஐந்து வேளை கேட்கிற சொல். செலவை அகராதிப் பகுதியிலாவது போடுங்கள். அப்புறம், நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்கிற 'கேடன்ஸ்'ஸுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?